துல்லியமா, தோள்வலுவா? 2018 டிராஃப்ட்டின் இரு குவார்ட்டர்பேக்குகள்

அந்த ஆண்டு டிராஃப்ட்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) அணிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக யாரை எடுப்பது, ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் பேக்கர் மேஃபீல்டா, வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஜோஷ் ஆலனா?

உடல்:
மேஃபீல்ட் – 6 அடி சொச்சம், 215 பவுண்டு.
ஆலன் – 6 அடி 5 அங்குலம், 237 பவுண்டு.

துல்லியம் (2017-இல் எறிந்த பாஸ்களில் சக வீரர் பிடித்தவை):
மேஃபீல்ட் – 70.5%.
ஆலன் – 56.3%.

இந்த எண்களை அப்படியே நம்பினால் ஏமாற்றம்தான். ஒக்லஹோமாவின் ஆட்டமுறை, பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களுக்குத் தாராளமாக இடம் திறந்துவிட்டது. வயோமிங்கில் ஆலனைச் சுற்றி இருந்தவர்கள் சுமார். எனவே வீடியோவில் பந்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். நெருக்கடி வந்ததும் ஆலனின் காலடி கலையும், தோளை மட்டும் நம்பி எறிவார், பந்து எகிறும். காலடியைத் திருத்தலாம், அந்தத் தோளைக் கற்றுத்தர முடியாது.

தயார்நிலை:
மேஃபீல்ட் – என்எஃப்எல்-இல் முதல் ஆண்டே 27 டச் டவுன் பாஸ் (ஆறு புள்ளி பெற்றுத்தரும் பாஸ்).
ஆலன் – முதல் ஆண்டு துல்லியம் 52.8%, 2020-இல் 69.2%.

உடனே ஆட வேண்டுமா, மேஃபீல்ட். பயிற்சியாளர்களை மாற்றாமல் பொறுக்க முடியுமா, ஆலன். 7-ஆவதாக அவரை எடுத்த பஃபலோ அணி பொறுத்தது. மேஃபீல்டை முதலாவதாக எடுத்த கிளீவ்லேண்ட் அணியோ 2020-க்குள் நான்கு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டது, இடைக்காலத்தவர் உட்பட.