ஸ்ட்ரீமா, மிரரா? கூகுள் டிரைவைக் கணினியில் வைக்க இரண்டு வழி

விண்டோஸில் டிரைவ் ஆப் போட்டதும் இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஸ்ட்ரீம் என்றால் சி, டி டிரைவ் போல ஜி (G:) டிரைவ் என்று தனியாகத் தெரியும், ஆனால் ஃபைல் இருப்பது கிளவுடில், அதாவது கூகுளின் சர்வரில்தான். எக்செல் ஃபைலை டபுள் கிளிக் செய்யும்போதுதான் இறங்கும், திருத்திச் சேமித்ததும் தானாக மேலே ஏறிவிடும். 256 ஜிபி லேப்டாப்புக்கு இதுதான் சரி. நெட் போனால்தான் சிக்கல், அதனால் அன்றாடம் வேலை செய்யும் ஃபோல்டரை மட்டும் ரைட் கிளிக் செய்து ஆஃப்லைனில் வைத்துவிடுங்கள்.

மிரர், மை டிரைவ் (உங்கள் சொந்த ஃபைல்கள் இருக்கும் பகுதி) முழுவதையும் உங்கள் வட்டில் இறக்கிவிடும். பெரிய ஃபோட்டோஷாப் ஃபைல்கூட காத்திருக்காமல் திறக்கும், ஆனால் இடம் போய்விடும். பேக்கப் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்: இங்கே அழித்தால் கிளவுடிலும் அழியும், டிராஷில் 30 நாள்தான் இருக்கும். அலுவலகக் குழு பொதுவாகப் பயன்படுத்தும் ஷேர்ட் டிரைவ், நீங்கள் மிரர் வைத்தாலும் ஸ்ட்ரீமில்தான்.