அகதிக் கேஸ் வென்றவர்கள் பி.ஆர். போடும்போது கவனம்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் இருந்துகொண்டு, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, அடுத்ததாக பி.ஆர். என்கிற நிரந்தர வதிவிட விண்ணப்பம் போட நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதைப் போட்டுத் தருகிறேன் என்று என்னிடம் காசு வாங்கி ஏமாற்றியவர் இன்னும் அதே பிளாசாவில்தான் கடை விரித்திருக்கிறார். நம்முடைய சனம்தான் அங்கே போய் வருகிறது.

என் கேஸ் ஏற்கப்பட்ட கையோடு, "அந்த அண்ணையிட்டக் குடுங்கோ, கனபேருக்குச் செய்து குடுத்தவர்" என்று வேலையிடத்தில் சொன்னார்கள். அவரும் அன்பாகத்தான் கதைத்தார். "தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நான் பாக்கிறன்" என்றார். மொத்தம் 3,500 டொலர். அதில் தன் கூலி போக, அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது 635 டொலர், அதோடு 'லாண்டிங் ஃபீ' 575 டொலர் என்று ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். காசாகத் தரச் சொன்னார்.

முதல் பொய் அந்தத் துண்டிலேயே இருந்தது. 635 டொலர் சரி, 2024 ஏப்ரல் 30 முதல் வளர்ந்தவர் ஒருவருக்கு அதுதான் விண்ணப்பக் கட்டணமாக இருந்தது. ஆனால் அந்த 575 டொலர், நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம், கேஸ் வென்ற அகதிக்குக் கிடையாது. ஸ்பொன்சரில் வருகிற மனைவியும் வேலைத் திறமையில் வருகிறவரும் கட்டுவது அது. கட்டணங்கள் அவ்வப்போது கூடும், அதனால் போடுகிற அன்று குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு போனது போகட்டும். அவர் சொன்ன இன்னொரு விஷயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது. "ஸ்ரீலங்கா பாஸ்போட் முடிஞ்சுபோச்சு. முதல்ல கொன்சியூலேற்றில அதைப் புதுப்பியுங்கோ, அது இல்லாமல் பி.ஆர். ஓடாது" என்றார். அந்தப் பாரம் நிரப்பவும் தனியாகக் காசு கேட்டார்.

நல்ல காலம், அந்த வாரம் தீர்ப்பின் பிரதி ஒன்று எடுக்க, விசாரணையில் எனக்காக வாதாடிய வழக்கறிஞரிடம் போயிருந்தேன். பாஸ்போட் கதையைச் சொன்னதும் அவர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் விளக்கியது இதுதான். எந்த நாட்டுக்குப் பயந்து ஓடி வந்தோமோ, அந்த நாட்டின் பாஸ்போட்டை எடுத்தால், அதன் பாதுகாப்பை நாமாகவே திரும்ப ஏற்றுக்கொண்டோம் என்று அரசு வாதிட வழி கிடைக்கும். குடிவரவுச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் அகதி நிலையை நிறுத்தக் கேட்கலாம். 2012 டிசம்பருக்குப் பிறகு, இந்தக் காரணத்தால் அகதி நிலை போனால் பி.ஆரும் சேர்ந்து போகும். அகதி மேன்முறையீட்டுப் பிரிவுக்கும் போக முடியாது, ஃபெடரல் கோர்ட்டில்தான் நிற்க வேண்டும். 2022இல் கலிண்டோ கமாயோ என்ற கொலம்பியப் பெண்ணின் வழக்கில், அந்த ஆளுக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன எண்ணத்தோடு செய்தார் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஃபெடரல் அப்பீல் கோர்ட் சொன்னது. அது நல்ல தீர்ப்பு. ஆனால் அந்த அளவுக்கு எங்கள் சனம் ஏன் அலைய வேண்டும்?

இதில் பி.ஆர். அட்டை கையில் வந்த பிறகும் ஆபத்து முடிவதில்லை. கனேடியக் குடியுரிமை எடுக்கும்வரை இருக்கிறது. அப்பாவுக்குச் சுகமில்லை, தங்கைக்குக் கல்யாணம் என்று ஊர்ப் பாஸ்போட்டில் போய் வந்தவர்கள் சிக்கியிருக்கிறார்கள். பி.ஆர். போட ஊர்ப் பாஸ்போட் கட்டாயம் இல்லை. நாங்கள் இங்கே வருமுன் ஊரில் எடுத்த தேசிய அடையாள அட்டை போன்றவற்றை ஏற்பார்கள், அதுவும் இல்லாதவருக்குச் சத்தியக் கடுதாசி வழி இருக்கிறது. வெளிநாடு போக அகதிகளுக்கென்று கனடாவே பயணப் பத்திரம் தருகிறது, ஊருக்கு மட்டும் அது செல்லாது.

அப்புறம்தான் காசு வாங்கியவரின் கடைசி வேலை வெளியே வந்தது. "போட்டாச்சு தம்பி" என்று மேப்பிள் இலை போட்ட ஒரு ரசீதை அச்சடித்துத் தந்திருந்தார். வீட்டில் அதை என் பிரவுண் பேப்பருக்கு, அதாவது அகதிக் கோரிக்கை போட்டபோது தந்த அடையாளப் பத்திரத்துக்கு, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் இருந்த வாடிக்கையாளர் இலக்கம் ஒன்றல்ல. விண்ணப்ப இலக்கம் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கேட்டால் "சிஸ்டம் டவுன்" என்றார், பிறகு போன் எடுப்பதை நிறுத்தினார். திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டேன். என் பெயரில் பி.ஆர். விண்ணப்பம் எதுவும் வந்திருக்கவில்லை. மனைவியும் மகனும் வவுனியாவில். வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தையும் இதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம் என்பதால், எனக்குப் பிந்தினது அவர்களுக்கும் பிந்தினது. வரிசையே வருடக்கணக்கில் இழுபடுகிற நேரத்தில் இப்படிச் செய்தார்.

கூலி வாங்கிக்கொண்டு குடிவரவு அலுவல் பார்க்க எல்லாருக்கும் அனுமதி இல்லை. ஒன்ராறியோவில் வழக்கறிஞர் அல்லது உரிமம் பெற்ற பாராலீகலாக (வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர்) இருக்க வேண்டும், பெயர் அவர்களுக்கு உரிமம் தரும் ஒன்ராறியோ லோ சொசைட்டியின் பட்டியலில் இருக்கும். ஆலோசகர் என்றால், ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான குடிவரவு, குடியுரிமை ஆலோசகர்கள் கல்லூரியின் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஆர் எழுத்தில் தொடங்கும் உரிம இலக்கம் வைத்திருப்பார். உண்மையான ஆள் 5476ஆம் இலக்கப் பாரத்தில் உங்கள் பிரதிநிதி என்று தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைப்பார். இவர் அதைப் போடவே இல்லை. "உங்கட பேரிலயே போடுவம், அதுதான் கெதியா முடியும்" என்றார்.

இப்போது குடியேறியவர்களுக்கு இலவசமாக உதவும் ஒரு நிலையத்தில் இருந்து நானே திணைக்களத்தின் இணையப் போர்ட்டலில் போட்டு, விண்ணப்ப இலக்கத்தோடு கடிதமும் ஈமெயிலில் வந்துவிட்டது. ஆலோசகர்கள் கல்லூரியில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். உரிமமே இல்லாதவர்கள் மேலும் அங்கே கொடுக்கலாம். 3,500 டொலரில் ஒரு சதமும் திரும்பவில்லை. இதேபோல ஏதாவது அலுவலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள், விண்ணப்ப இலக்கத்தை இன்றைக்கே கேளுங்கள். தராவிட்டால் நேரே திணைக்களத்திடம் கேளுங்கள்.