மூன்றரை வருஷம், ஒன்பது லாக்

மும்பை முலுண்டில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். "அக்கா, நீ வெச்சிருக்கிற அதே ட்ரைபாட் பதினாலாயிரத்துக்கு வந்திருக்கு. எடுத்துடவா?" கேமராவை நிறுத்தும் முக்காலிதான் அது; நான் வாங்கும்போது 19,000 ரூபாய். அவன் கேட்ட நேரத்தில் அதே ட்ரைபாட்டின் காலைச் சரி செய்துகொண்டு ஃபோர்ட்டிலிருந்து வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எடுக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. மூன்றரை வருஷம் என் தோளில் தொங்கிய பொருளுக்கு ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னது சரியில்லை என்று பட்டது.

கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. இந்த விலையில் வரும் கார்பன் ஃபைபர் ட்ரைபாட் எல்லாமே ஏறக்குறைய ஒரே அமைப்புதான்: காலுக்கு நான்கு குழாய், அவற்றை நீட்டி இறுக்கத் திருகும் மூன்று ட்விஸ்ட் லாக், மூன்று காலுக்கும் ஆக மொத்தம் ஒன்பது. கேமராவைத் திருப்பும் உருண்டைத் தலையான பால் ஹெட்டோடு ஒன்றரை கிலோவுக்குள் அடங்கும். மேலே உட்காருவது என் நிக்கான் இசட்5, 24-70 லென்ஸ். இரண்டும் சேர்ந்து ஒன்றே கால் கிலோகூட வராது. எத்தனை கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதை நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஷட்டர் திறந்திருக்கும் முப்பது விநாடி அசையாமல் நிற்குமா என்பது மட்டும்தான்.

மலையில் நிற்கும். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை.

கல்சுபாய்க்கு ஜனவரியில் போனோம். மகாராஷ்டிராவிலேயே உயரமான சிகரம், 1,646 மீட்டர். ராத்திரி கசாரா லோக்கல் ரயில் பிடித்து, அங்கிருந்து ஜீப்பில் பாரி கிராமம் போய், இருட்டிலேயே ஏறி, இரும்பு ஏணிகளைத் தாண்டி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கே ஒரு கோடு வெளுத்திருந்தது. என்னோடு வந்த பெண்ணிடம் இருந்தது அலுமினிய ட்ரைபாட். அந்தக் குளிரில் அதைப் பிடிக்க முடியாமல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு விரித்தாள். கார்பன் அப்படிக் குளிராது. வெறும் கையால் மூன்று லாக்கையும் சேர்த்துப் பிடித்து அரைச் சுற்று சுற்றினால் போதும், கால் தானாகச் சரிந்து இறங்கும். திரும்ப அரைச் சுற்று, இறுகிவிடும். டார்ச்சே வேண்டாம். இந்த அரைச் சுற்றுக்காகவே இதன் மேல் எனக்கு ஆசை. இருட்டில் கை நடுங்கும்போது யோசிக்க வைக்காத பொருள் எவ்வளவு பெரிய துணை என்பது அந்த உச்சியில் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஹரிஷ்சந்திரகட் கோட்டை மலையின் கொங்கண் கடாவில் இன்னொரு சந்தோஷம். அந்தப் பாறை விளிம்பு மேற்கே பார்த்து வளைந்து இறங்கும். கீழிருந்து காற்று எவ்வளவு வேகமாக ஏறுமென்றால், எட்டிப் பார்க்க எல்லாரும் குப்புறப் படுத்துத்தான் பார்ப்பார்கள். ட்ரைபாட்டையும் படுக்க வைத்தேன். நடுத்தண்டைக் கழற்றிவிட்டு மூன்று காலையும் அகல விரித்தால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கேமரா நிற்கும். பையைக் கொக்கியில் மாட்டினேன், ஆனால் தொங்கவிடவில்லை. தொங்கினால் காற்றில் ஆடி, ஆட்டத்தை அதுவே கொடுத்துவிடும். அடிப்பாகம் பாறையில் உரசும்படி விட்டால்தான் பிரயோஜனம். சூரியன் கொங்கணத்துப் புகைமூட்டத்துக்குள் இறங்கியபோது எடுத்த எட்டுப் படத்தில் எட்டும் தெளிவு. மறுநாள் காலை முதுகுக்குப் பின்னால் சூரியன் ஏற, கீழே பள்ளத்தாக்கு மேகத்தில் வட்ட வானவில் தெரிந்தது. இந்திரவஜ்ரம் என்பார்கள். நடுவில் நம் நிழலே விழும். இதுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். நாலு நிமிஷம் இருந்திருக்கும். ட்ரைபாட்டை விரிக்க அதில் அரை நிமிஷம்கூடப் போகவில்லை.

சரி, கடலுக்கு வருகிறேன். கோபமெல்லாம் அங்கேதான்.

எங்கள் ஊர்க் கடல் மேற்கில் இருக்கிறது. அதனால் கடலில் நமக்கு அந்திதான் சொத்து. பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்ட் கரும்பாறையில், ஓதம் ஏறத் தொடங்கும் நேரத்தில், அலை வடியும்போது ஷட்டரை ஒரு விநாடி திறந்துவைத்து எக்ஸ்போஷர் கொடுத்துப் பாருங்கள், வெள்ளை நூல் நூலாகத் தண்ணீர் பிரிந்து ஓடும். அதற்குக் காலைத் தண்ணீருக்குள் வைத்தே ஆக வேண்டும். தாதர் சௌபாத்தி மணலில் என்றால் இன்னும் பாடு. திரும்பும் அலை காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு போகும். காலின் அடி ரப்பரைச் சுழற்றி ஆணியை வெளியே எடுத்து, நன்றாக அழுத்திக் குத்தி, இரண்டு மூன்று அலை போகவிட்டுத்தான் ஷட்டரைத் தொட வேண்டும்.

இன்னொன்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. மலையில் மேலே இருக்கும் தடித்த குழாயை முதலில் இழுக்க வேண்டும், மெல்லிய அடிக்குழாயைக் கடைசியாக. கடலில் இது தலைகீழ். அடிக்குழாயைத்தான் முழுசாக இழுக்க வேண்டும். அப்போதுதான் லாக் தண்ணீருக்கு மேலே நிற்கும். முதல் ஒரு வருஷம் மலைப் பழக்கத்தையே கடலுக்கும் கொண்டுபோய், கடைசி லாக்கை உப்புத் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தேன். இது என் தப்பு. ஆனால் ட்ரைபாட்டோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கடற்கரைப் படத்தை அட்டையில் போட்டு விற்கிறவர்கள் அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம்.

போன டிசம்பரில் அது காட்டிக்கொடுத்தது. தாதர் சௌபாத்தியில் ஆறு மணியை ஒட்டி சூரியன் இறங்கிவிட்டது. நம் ஊரில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அதன் பிறகு கிடைக்கும் நீலம் இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான். எதிரே சீ லிங்க் பாலத்தின் விளக்கு எல்லாம் ஏற்றியாகிவிட்டது. முப்பது விநாடி கொடுத்தேன். ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கும் புள்ளியாக இல்லாமல் சின்னக் கோடாக இருந்தது. எல்லாக் கோடும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. காற்று இல்லை. மணலை மாற்றிப் பார்த்தேன், நடைபாதைக் கல்லில் ஏறி வைத்துப் பார்த்தேன், அதே கோடு. ஏழு படம் போயிற்று. நீலமும் போயிற்று.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கால்களுக்கு இடையே ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். ஒரு கால் அரை மில்லிமீட்டர் இறங்கினாலே 24 எம்எம் லென்ஸில், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சாரில், படம் கிட்டத்தட்ட மூன்று பிக்சல் நகரும். அந்த அரை மில்லிமீட்டர் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. மூன்றாவது காலின் கடைசி லாக்கைக் கழற்றினேன். உள்ளே மாவு போல வெள்ளைத் தூள்.

கார்பன் துருப்பிடிக்காது என்று எல்லாரும் சொல்வது உண்மைதான். ஆனால் லாக்கின் மரை அலுமினியம். கார்பனும் அலுமினியமும் ஒட்டி இருக்கிற இடத்தில் உப்புத் தண்ணீர் போனால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்யும். கார்பன் அப்படியே இருக்கும், அலுமினியம்தான் அரிபடும். அந்தத் தூளும் மணலும் கிரீஸும் குழைந்து சாந்தாகி, குழாயைக் கவ்விப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஓட்டைத் தேய்த்திருந்தன. அரைச் சுற்று போதும் என்று நான் கொண்டாடிய லாக், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கியது.

கடலுக்குப் போய்வந்த ராத்திரிகளில் செம்பூர் ஃப்ளாட்டின் சின்னக் குளியலறையில் ஒன்பது லாக்கையும் பிரித்து நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் பரப்பி, காயவிட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம். மறுநாள் வேலை இருக்கிறதே என்று விட்டுவிட்ட ராத்திரிகளும் இரண்டு மூன்று உண்டு, மறைக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று ராத்திரிக்கு இந்தத் தண்டனை அதிகம்.

சர்வீஸ் சென்டரில் சொன்னது இது: உப்புத் தண்ணீர் பட்டிருக்கிறது, வாரன்டியில் வராது, லாக்கோ உள்ளே இருக்கும் ஓடோ தனியாக விற்பதில்லை, முழுக்காலாக மாற்ற 4,200 ரூபாய். விரல் அகலப் பிளாஸ்டிக் ஓட்டுக்காக ஒரு நல்ல கார்பன் காலைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். நின்று நியாயம் கேட்டேன். அந்தக் கவுன்ட்டர் பெண் என்ன செய்வாள், அவளிடம் உள்ள பட்டியலில் அந்த உதிரிப்பாகமே இல்லை. கோபம் அவள் மேல் இல்லை. உதிரிப்பாகம் விற்காத பொருளைத் தொழில்முறைக் கருவி என்று விற்கிறார்களே, அவர்கள் மேல்தான்.

பஜார் கேட் தெருவில் கேமரா கடைகளுக்கு நடுவே ஒரு மாடிப்படிக்குக் கீழே பெரியவர் ஒருவர் உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கிறார். காலை வாங்கி, லாக்கைக் காதருகே வைத்துத் திருகினார். மணல் நெறிபடும் சத்தத்தை எனக்கும் கேட்க வைத்தார். பழைய பல்துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர், அப்புறம் ஒரு குச்சி முனையில் துணி சுற்றி மரையின் ஒவ்வொரு வளையமாகத் துடைத்தார். தேய்ந்த ஓட்டுக்கு என்ன செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேஜைக்கு அடியிலிருந்து யாருடையதோ ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை எடுத்தார். விலா எலும்பு தெரிந்தது. அதில் ஒரு சிட்டிகை அகலத்துக்கு நாடா வெட்டி, குழாய்க்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு சுற்று சுற்றி, மெல்லிசாக கிரீஸ் தடவி மூடினார். "அப் நஹி கிரேகா" என்றார், இனி விழாது என்று. 350 ரூபாய்.

நம்பிக்கையில்லாமல்தான் ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஹார்பர் லைனில் சிவ்டிக்குப் போனேன். லேடீஸ் பெட்டியில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர், கூடையோடு இரண்டு மீன்காரம்மாக்கள், நான். மும்பையில் கடல்பக்கம் சூரிய உதயம் வேண்டுமென்றால் இப்படிக் கிழக்குக் கரைக்குத்தான் வர வேண்டும். சேற்றுப் பரப்பில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் அடல் சேது கடல் பாலம், 2024 ஜனவரியில் திறந்தது, விளக்கு வரிசையாக நவி மும்பைப் பக்கம் போய் மறைகிறது. ரிப்பேர் செய்த காலில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருக்கிறேன், இருட்டில் விரலுக்குத் தெரிவதற்காக. அந்தக் காலையே வேண்டுமென்று பாலத்தைப் பார்த்து முன்னால் வைத்து, முப்பது விநாடி கொடுத்தேன். கேமராவில் படத்தின் இரைச்சல் புள்ளிகளைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிட்டேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு முப்பது விநாடி அது தின்றுவிடும், வெளிச்சம் காத்திருக்காது. பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கு ஒவ்வொன்றும் புள்ளி. அடுத்த படமும் புள்ளி. வானம் ரோஜா நிறத்துக்கு வரும்வரை பதினொரு படம் எடுத்தேன், பதினொன்றும் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அன்று மத்தியானம் தம்பிக்குத் திரும்பப் போன் செய்தேன். அவனுக்கு முட்டி வலி, மலை ஏற மாட்டான். அலிபாக், முருட், ஹரிஹரேஷ்வர் என்று கடல்தான் அவன் உலகம். "உனக்கு இது வேண்டாம்டா. நெம்பி மூடற ஃப்ளிப் லாக் வெச்ச அலுமினியமா எடு, கனமா இருந்தா இருக்கட்டும். உப்பு போனா வெளியிலயே தெரியும், நீயே ஸ்க்ரூவைத் திருகிக்கலாம்" என்று சொன்னேன். "அப்ப இது மோசமான ட்ரைபாடா அக்கா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

சாயங்காலம் அந்த விலையை நானே திறந்து பார்த்தேன். காலுக்கு 4,200 என்றால் மூன்று காலுக்கு 12,600. முழு ட்ரைபாட் 14,000. அந்தக் கம்பெனிக்கு இனி ஒரு ரூபாய் தரக்கூடாது என்று பஜார் கேட் தெருவில் நின்று நினைத்தவள்தான். ஆர்டர் போட்டுவிட்டேன். புதியது வந்தால் மலைக்கு மட்டும், ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் படவிட மாட்டேன். ரப்பர் பேண்ட் போட்ட பழையது இனி பேண்ட்ஸ்டாண்ட் பாறைக்கு, அடிக்குழாயை முழுசாக இழுத்து.