ஐந்தின் மேல் ஒரு புள்ளி: இரண்டு பட்டன் போன்களும் ஒரு கடையும்

சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவிப் பக்கம் நடந்தால், 90 அடி சாலை வருவதற்குள் ஒரு கைபேசிக் கடை இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெயர்ப்பலகை அடையாளம்; எனக்குப் பக்கத்து டீக்கடையில் இஞ்சி இடிக்கும் சத்தம். போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் மனைவியும் அங்கே போய், இரண்டு பட்டன் போன்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் சோதித்துப் பார்த்தோம். எனக்குப் பார்வை இல்லை. அவளுக்கு இரண்டு காதிலும் செவித்திறன் குறைவு. இப்படிப்பட்ட வீட்டுக்கு எந்தப் போன் ஒத்துவரும் என்று கேட்டு எனக்கு அடிக்கடி அழைப்பு வருகிறது. எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மாட்டுங்காவில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எஸ்டிடி பூத் வைத்திருந்தவன் நான். மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்துப் பொதுத் தொலைபேசி ஒதுக்கிய காலம் அது. ஊருக்குப் பேச வருபவர்கள் எண்ணைச் சொல்வார்கள், நான் அழுத்துவேன். நடுவிரல் எப்போதும் ஐந்தின் மேல் இருக்கும். அங்கே ஒரு சின்னப் புள்ளி புடைத்திருக்கும். அதைத் தொட்டுவிட்டால் மற்ற ஒன்பது எண்களும் தானாக இடத்தில் வந்து உட்காரும். மேசையில் இருந்த கால்குலேட்டரிலும் ஐந்தில் புள்ளி உண்டு. ஆனால் அதில் 7, 8, 9 மேல் வரிசை, போனில் 1, 2, 3 மேல் வரிசை. இத்தனை ஆண்டில் விரல் ஒருநாளும் குழம்பியதில்லை. எந்தக் கம்பெனிப் போன் வந்தாலும் அதே வரிசை, அதே புள்ளி. அது தற்செயல் என்றே நினைத்திருந்தேன். ஜெனீவாவில் இருக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இ.161 என்ற பரிந்துரையில் அதை எழுதி வைத்திருக்கிறது என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். முகம் தெரியாத யாரோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து என் விரலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்! அதைப் படிக்கக் கேட்ட அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

போன்களுக்கு வருகிறேன். முதலாவது 2ஜி போன், 1,150 ரூபாய். பட்டன்கள் தனித்தனியாக மேடு கட்டி நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே நகம் இறங்கும் அளவுக்கு இடைவெளி. ஐந்தின் மேல் புள்ளி கடுகு அளவில், கெட்டியாக இருக்கிறது. அழுத்தினால் எண்ணை இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்கிறது, தமிழ் இல்லை. கையில் எடுத்த அரை நிமிடத்தில் வீட்டு எண்ணைப் பிழையில்லாமல் அழுத்திவிட்டேன்.

இரண்டாவது 4ஜி போன், 1,900 ரூபாய். இதன் பட்டன்கள் ஒரே தகடு போல வழவழவென்று இருக்கின்றன. எட்டு எங்கே முடிகிறது, பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. ஐந்தில் புள்ளி இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறது அண்ணாச்சி, வெள்ளையாகத் தெரிகிறது" என்றார் கடைக்காரத் தம்பி. நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் எனக்கு அகப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் புள்ளியால் எனக்கு என்ன பயன்? அந்த நிமிடத்திலேயே இந்தப் போனைத் திருப்பி வைத்திருப்பேன். மனைவி விடவில்லை.

அவளுடைய காது மெஷினில் 'டி' என்று ஒரு நிலை உண்டு. உள்ளே மிகச் சிறிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது, அதை டி-காயில் என்பார்கள். அந்த நிலைக்கு மாற்றினால் மெஷினின் மைக் அடங்கி, போனின் காதுப்பகுதியிலிருந்து வரும் காந்தப்புலத்தை அந்தக் காயில் நேராக வாங்கிக்கொள்ளும். தெருவின் இரைச்சல், கடைக்குள் பேசுபவர்கள் குரல் எதுவும் நடுவில் வராது. போன் எவ்வளவு காந்தப்புலம் தர வேண்டும் என்பதற்கும் அந்த ஜெனீவா ஒன்றியத்தின் பரிந்துரை இருக்கிறது, அதன் எண் பி.370. அமெரிக்க முறையில் முன்பு எம், டி என்று எழுத்துப் போட்டு மதிப்பெண் தந்தார்கள். மெஷினில் இரைச்சல் ஏற்றாமல் இருக்கும் திறனுக்கு எம், காயிலோடு இணையும் திறனுக்கு டி. எம்3, டி3 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது. நாங்கள் பார்த்த இரண்டு பெட்டிகளிலும் இந்த எழுத்துகள் இல்லை. தம்பி ஓரங்களையெல்லாம் தேடி வாசித்துக் காட்டினார். பேட்டரி, கேமரா, டார்ச் என்று எல்லாம் இருந்தன, இது மட்டும் இல்லை. ஆகவே காதில் வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2ஜி போனை வைத்ததும் அவள் முகம் சுளித்ததை அவள் மூச்சிலேயே கேட்டேன். "வண்டு ரீங்கரிக்கிறது" என்றாள். வண்டு என்பது மிகச் சரியான சொல். 2ஜி போன் அலையைத் தொடர்ச்சியாக அனுப்பாது, நொடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அனுப்பும். அந்தத் துடிப்பு காது மெஷினுக்குள் ரீங்காரமாக விழும். 4ஜி போனை மாற்றிக் கொடுத்தேன். ரீங்காரம் இல்லை.

அடுத்ததாக வார்த்தைச் சோதனை. தம்பி தன் சொந்த 4ஜி போனை என்னிடம் கொடுத்து, டீக்கடை வரை கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார். இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் சிம். "சட்டை, கட்டை, பட்டை, மட்டை" என்று வரிசை மாற்றி மாற்றிச் சொன்னேன், அவள் திருப்பிச் சொன்னாள். பத்துக்கு ஒன்பது சரி. அதன் பிறகு முதலில் பார்த்த அந்த 2ஜி போனிலிருந்து கூப்பிட்டு அதே சொற்களைச் சொன்னேன். அவள் கையில் அதே 4ஜி போன், அதே மெஷின். இந்த முறை பத்துக்கு ஐந்து. சட்டை எல்லாம் கட்டையாகிவிட்டது.

காரணம் இதுதான். பழைய தொலைபேசி வழி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். 'ச' என்று நாம் நாக்கு நுனியில் சீறவிடும் ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. நல்ல காது அந்த இடைவெளியைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். மந்தமான காதால் முடியாது. 4ஜியின் அகன்ற குரல் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது. ஈஎன் 301 549 என்ற ஐரோப்பியத் தரநிலை, இருவழிக் குரல் வசதி உள்ள கருவி 7,000 ஹெர்ட்ஸ் வரையாவது கடத்த வேண்டும் என்கிறது. அதை அடியொற்றி நம் நாட்டிலும் ஐஎஸ் 17802 என்ற தரநிலை இரண்டு பகுதிகளாக 2021, 2022 ஆண்டுகளில் வந்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் விதிகளிலும் 2023இல் சேர்க்கப்பட்டது. ஆனால் அகன்ற குரலுக்கு இரண்டு முனையும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு முனை குறுகினால் மொத்தப் பேச்சும் குறுகிவிடும்.

கடைவாசலில் நின்றபடி எனக்கு அது உறைத்தது. என் விரலுக்குச் சுகமான போனை நான் வைத்துக்கொண்டால், தினமும் அதில் நான் கூப்பிடப்போவது யாரை? அவளைத்தான். என் வசதியால் அவள் காதில் 'ச' விழாமல் போகும். இரண்டும் 4ஜியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

இந்த 4ஜி போனில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு. எண்ணைச் சொல்லும் போன், வந்த செய்தியை வாசிப்பதில்லை. பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்வதில்லை. வங்கியிலிருந்து ஓடிபி வந்தால், அவள் வீட்டில் இல்லாத நேரத்தில், பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்கிறேன். தங்கமான பையன்தான். ஆனாலும் என் பணத்தின் சாவியை இன்னொருவர் வாயால் உரக்கக் கேட்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. திரையில் இருப்பதைப் பார்வையின்றியும் அறிய வழி வேண்டும் என்று அதே தரநிலைகள் சொல்கின்றன. ஸ்மார்ட்போனில் திரை வாசிப்பான் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, வீட்டில் நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தாதர் பாலத்தில் கூட்டத்தோடு நடக்கும்போது வழவழக் கண்ணாடியில் எண் தேட என்னால் ஆகாது. 1,900 ரூபாய்ப் போனிலும் ஓடிபியை வாசிக்கும் குரல் ஒன்றை வைக்க வேண்டும், தமிழிலும் வைக்க வேண்டும்.

கடைக்கு என் மனமார்ந்த பாராட்டு. தம்பிக்கு நாங்குநேரிப் பக்கம். டி-காயில் என்ற சொல்லையே அன்றுதான் முதலில் கேட்டிருக்கிறார், ஆனால் நான் விளக்கியதைக் காது கொடுத்துக் கேட்டார். தன் சிம்மைக் கழற்றிக் கொடுத்தார், கடையில் கூட்டம் இருந்தும் அவசரப்படுத்தவில்லை. மெஷினோடு வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாலும் முகம் கோணவில்லை. வாசலில் உயரமான இரண்டு படிகள், பிடிக்கக் கம்பி இல்லை. சக்கர நாற்காலி ஏறாது. இதையும் அவரிடமே சொன்னேன். கைப்பிடி ஒன்று போட்டுவிடுகிறேன் என்றார், போட்டதும் இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி நெயில் பாலிஷை எடுத்து, தீக்குச்சி முனையால் என் போனின் ஐந்தாம் எண் மேல் ஒரு சொட்டு வைத்தாள். காய்ந்ததும் இன்னொரு சொட்டு, அதன் மேல் மூன்றாவது. இப்போது கடுகு அளவு இருக்கிறது. மூன்று வாரமாகப் பெயரவில்லை. பெயர்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். கடைக்குப் போக நினைப்பவர்கள் வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போங்கள். காது மெஷினின் பேட்டரியை முந்தின நாளே மாற்றிவிடுங்கள். கூப்பிட்டுப் பேச ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.