பிளேஸ்டேஷன் 5: இருவர் ஆடும் வீட்டில் பல ஆண்டு அனுபவம்

டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவியான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தபோது டிஸ்க் போடும் வசதியுள்ள மாடலின் விலை 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அது 54,990 ஆனது. விலை ஏறுவதற்கு முன்பே நானும் என் கணவரும் வாங்கிவிட்டோம். பெட்டிக்குள் ஒரே ஒரு கன்ட்ரோலர்தான் இருக்கும் என்பதால், இரண்டாவதற்குத் தனியாக 5,990 ரூபாய் ஆயிற்று. சேர்ந்து ஆட வாங்குபவர்கள் இதையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. இத்தனைக்கும், எதிர்பாராமல் எங்கள் பணத்தையும் மாலை நேரத்தையும் விழுங்கியது இந்தக் கருவியோ காசு கொடுத்து வாங்கிய கேம்களோ அல்ல, இலவசமாக இறக்கிக்கொண்ட ஒரு கேம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச்சில் வெளியான 'இட் டேக்ஸ் டூ' இருவர் மட்டுமே ஆடக்கூடியது. விவாகரத்துக்குத் தயாராகும் ஒரு கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிவிடும் கதை அது. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து ஆடலாம். ஒருவர் வாங்கினால் போதும், வேறு ஊரில் இருப்பவர்கூடக் கேமை வாங்காமலே சேர்ந்துகொள்ளலாம். சில வார இறுதிகளில் கதை முடிந்துவிட்டது, நாங்களும் எழுந்துவிட்டோம். தம்பதிக்கு ஏற்ற கேம் எது என்று யாராவது கேட்டால், முடிவு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் இப்போது சொல்கிறேன்.

எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் உருவாக்கி 2016இல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' இன்னொரு வகை. விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மீன் பிடிப்பது என்று போகும் அந்தப் பண்ணையில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 14 நிமிடம். படுத்துத் தூங்கினால்தான் அன்றைய ஆட்டம் சேமிக்கப்படும்; நடுவில் கேமை மூடினால் அன்று செய்ததெல்லாம் போய்விடும். தனியாக ஆடும்போது கேமில் பொருள் வைக்கும் பையைத் திறந்தால் நேரம் நிற்கும், இருவராக ஆடும்போது அதுவும் நிற்காது. "இந்த ஒரு நாள் மட்டும்" என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போனதில், ஊறப்போட்ட அரிசி மறுநாள் காலைவரை கிரைண்டரைப் பார்க்காமல் கிடந்த இரவுகள் உண்டு. (கணவனும் மனைவியும் அங்கே மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம், மோதிரத்துக்குரிய கல்லையும் உலோகத்தையும் தேடியே எங்களுக்கு ஒரு மழைக்காலம் போயிற்று.) ஆனால் நேரத்தைத்தான் தின்றதே தவிர, ஒருமுறை வாங்கிய பிறகு அது ஒரு ரூபாய்கூடக் கேட்டதில்லை.

இனி அந்த இலவச கேம். 2020 செப்டம்பரில் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்' பார்ப்பதற்கு அத்தனை அழகு என்பதை மறுப்பதற்கில்லை. அதில் புதிய பாத்திரங்கள் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். மிக அரிதான ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒரு குலுக்கலில் கிடைக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம், கிடைக்காமலே போனால் 90ஆவது குலுக்கலில் ஒன்று நிச்சயம், ஆனால் அது நாம் விரும்பியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. அடுத்த 90க்குள் விரும்பியது நிச்சயம் என்பதால், மிக மோசமான நிலையில் 180 குலுக்கல், அதாவது கேமுக்குள் பணமாகப் பயன்படும் ரத்தினம் 28,800 தேவைப்படும். ஆடிச் சேர்த்தது எதுவும் இல்லாமல் முதல்முறை வாங்குவதற்கான சலுகையும் இல்லாமல் முழுவதையும் காசு கொடுத்தே வாங்கினால், 99.99 டாலர் பொதி நான்கு வாங்க வேண்டியிருக்கும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. எங்கள் பணம் போனது 30 நாளுக்கான சிறிய சந்தா வழியாக: தினமும் உள்ளே நுழைந்தால்தான் அன்றைய 90 ரத்தினம் சேரும், தவறிய நாளுக்கு ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு கணக்கு என்பதால் சந்தாவும் இரண்டு. கார்டு அறிக்கையில் ஒவ்வொன்றும் சில்லறைத் தொகையாகத்தான் தெரியும். ஓராண்டு அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் முழு விலை கொடுத்துக் கடையில் வாங்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கேம்களின் தொகை அதில் இருந்தது.

பணத்தைவிட அதன் கடிகாரம்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. வெகுமதி வாங்கச் செலவிடும் சக்தி எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஊறி, ஒரு வரம்போடு நின்றுவிடும். செலவழிக்காவிட்டால் அதற்கு மேல் சேராது. ஆசிய சர்வரில் நாள் மாறுவது நம் நேரப்படி நள்ளிரவு 1.30 மணிக்கு. இதற்காகவே தூக்கத்தைத் தள்ளிப்போட்டோம். அதிலும், முதன்மைக் கதையை இருவர் சேர்ந்து ஆட முடியாது. டிவியில் அவரும் கைபேசியில் நானுமாக ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஒரே கதையைத் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தோம். நான் இன்னும் போய்ச்சேராத கட்டத்தை அவர் தாண்டினால், காதில் விழாமலிருக்க ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். அருகருகே இருந்தும் பேசிக்கொள்ளாத இந்த மாலைகளை 'சேர்ந்து விளையாடிய நேரம்' என்று என்னால் எழுத முடியவில்லை.

இணையம் வழியாக மற்றவர்களோடு ஆடுவதற்கான பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் திரையைப் பிரித்து ஆடுவதற்கு அது தேவையில்லை, எனவே புதுப்பிக்கவில்லை.

இப்போது இருவரும் அந்த 30 நாள் சந்தாவை நிறுத்திவிட்டோம். கேமுக்கென்று மாதம் ஒரு தொகை ஒதுக்கி, அது சேரும்போது முடிவுள்ள கேம் ஒன்றை வாங்குகிறோம். கையில் இருப்பதை முடித்த பிறகே அடுத்தது. என் கென்ஷின் கணக்கை நான் நீக்கிவிட்டேன்; அவர் தன்னுடையதை நீக்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் கேமுக்குள் வரும் விளக்குத் திருவிழாவின்போது இலவசமாகக் கொடுப்பதை வாங்கிக்கொள்ள மட்டும் அதைத் திறப்பேன் என்கிறார்.