லாக்டேட்டா, ஆல்கஹாலா? ஆக்சிஜன் இல்லாத செல்லின் இரு வழிகள்

நானூறு மீட்டர் ஓடுகிறவரின் தொடைத் தசைக்கும் பிசைந்த மாவுக்குள் இருக்கும் ஈஸ்ட்டுக்கும் நெருக்கடி ஒன்றுதான்: ஆக்சிஜன் போதாமை. குளுக்கோஸைப் பைருவேட் என்ற மூன்று கார்பன் துண்டுகள் இரண்டாக உடைத்தால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி 2 மிஞ்சும். ஆனால் அதற்குள் என்ஏடி என்ற துணை மூலக்கூறு எலக்ட்ரான்களைச் சுமந்து என்ஏடிஎச் ஆகிவிடும். ஆக்சிஜன் இருந்தால் மைட்டோகாண்ட்ரியா அந்தச் சுமையை இறக்கிவிடும். மொத்தமாக 30 ஏடிபி அளவுக்குத் தேறும். இல்லாவிட்டால் என்ஏடி தீர்ந்து, அந்த 2-ம் நின்றுபோகும். நொதித்தல், அதாவது ஆக்சிஜன் இல்லாத இந்த வழி, அதன் வேலையே என்ஏடியை மீட்பதுதான். அதனால் எந்த வழியில் போனாலும் வருமானம் அதே 2 ஏடிபி.

சரி, வித்தியாசம் எங்கே? கார்பன் என்ன ஆகிறது என்பதில்.

தசையில் ஒரே நொதி, ஒரே படி: பைருவேட் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு லாக்டேட் ஆகிறது. மூன்று கார்பனும் உடலுக்குள்ளேயே இருக்கும். இதயம் லாக்டேட்டை நேரடியாக எரித்துக்கொள்ளும். கல்லீரலோ 6 ஏடிபி செலவழித்து இரண்டு லாக்டேட்டை மறுபடி குளுக்கோஸாக்கும். இதைக் கண்டறிந்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி 1947-ல் நோபல் பரிசு பெற்றனர். லாக்டேட்டைக் கழிவு என்பதும், மறுநாள் வரும் கால் வலிக்கு அதைக் காரணம் சொல்வதும் இன்னும் ஓயவில்லை. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் இரத்தத்தை விட்டு நீங்கிவிடும்.

ஈஸ்ட்டுக்கு இரண்டு படி. முதலில் கார்பன் டை ஆக்சைடு பிரியும், அப்புறம் எத்தனால். ஆக்சிஜன் வந்தால் எத்தனாலைத் திரும்ப உண்ணலாம். வெளியேறிய வாயு போனது போனதுதான்.

கட்டுப்பாடு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. குளுக்கோஸ் உடைப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் பாஸ்போபிரக்டோகைனேஸ் நொதி, ஏடிபி நிறைய இருந்தால் வேகம் குறையும். ஏடிபி செலவாகும்போது சேரும் ஏஎம்பி கூடினால் முடுக்கிக்கொள்ளும். ஆக்சிஜன் கிடைத்தால் ஈஸ்ட் சர்க்கரையைக் குறைவாகச் செலவழிப்பதை 1861-லேயே பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் கவனித்தார். ஆனால் சர்க்கரை தாராளமாக இருந்தால், ரொட்டி ஈஸ்ட் ஆக்சிஜன் இருக்கும்போதே ஆல்கஹால் தயாரிக்கும்.

என் தேர்வு லாக்டேட்தான், நெருக்கடி சில நிமிடங்களுக்கு என்றால். மாதக்கணக்கில் என்றால் லாக்டேட்டோடு அமிலம் சேர்ந்தே உயிரைக் குடித்துவிடும். வட ஐரோப்பாவில் பனி மூடிய குளங்களில் வாழும் குரூசியன் கெண்டை மீன், மற்ற உறுப்புகளில் உருவாகும் லாக்டேட்டையும் தசைக்குக் கொண்டுவந்து எத்தனாலாக்கி, செவுள் வழியாக வெளியேற்றிவிடுகிறது. அப்போது அதன் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கும் மேல் ஆல்கஹால் இருக்கும். கார்பன் திரும்பி வராது என்பதால், குளிருக்கு முன்பே கல்லீரலில் குளுக்கோஸின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜனை ஏராளமாகச் சேர்த்துக்கொள்கிறது. அது தீர்ந்த பிறகும் பனி உருகாவிட்டால் மீன் செத்துவிடும்.