டைரிக் குறிப்பா, போனா, நேரில் பேசுவதா?

பிள்ளை வகுப்பில் மற்றவர்களை அடிக்கிறான், கத்துகிறான், இல்லையென்றால் நாள் முழுக்க வாயே திறப்பதில்லை. பெற்றோரிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது?

ஆசிரியர் கை முதலில் போவது டைரிக்குத்தான். "வகுப்பில் அடங்குவதில்லை, பெற்றோர் கவனிக்கவும்" என்று சிவப்பு மையில் நானும் எழுதியிருக்கிறேன். மறுநாள் அந்தப் பக்கத்தைக் காணோம். தையலோரத்தில் ஒரு துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. தன்மேல் உள்ள புகாரை எட்டு வயதுப் பிள்ளையே சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது என் தப்பு. டைரி நல்ல செய்திக்கு மட்டும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப் உடனே போய்ச் சேரும். ஆனால் வேலைக்கு நடுவே படிக்கிற அம்மாவுக்கு, சாதாரண வரிகூட அதட்டலாகத் தெரியும். வகுப்புக் குழுவில் போடுவது கூடவே கூடாது. பள்ளி வாசலில் நிறுத்திச் சொல்வதும் அப்படித்தான்: நாலு பேர் காதில் விழும், பிள்ளையும் தலைகுனிந்து பக்கத்திலேயே நிற்கும்.

அடிதடி, காயம் என்றால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். மற்றபடி போன், சந்திக்க நேரம் கேட்பதற்கு.

நேரில் உட்கார்ந்து பேசுவதற்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் நேரம் ஒதுக்க வேண்டும், அது சிரமம்தான். வெறுங்கையோடு போனால் அதுவும் வீண். 2 வாரக் குறிப்பு கையில் வேண்டும். "செவ்வாய், மூன்றாவது பீரியட். பக்கத்துப் பையன் ரப்பரைக் கேட்காமல் எடுத்தான். இவன் பென்சில் டப்பாவை வீசினான். பிறகு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான்." முன்னால் நடந்தது, செய்தது, பின்னால் நடந்தது, அவ்வளவுதான். 'முரடன்' என்ற சொல்லே அதில் வராது.

அதைப் படித்துவிட்டு, "வீட்டிலயும் தம்பி இவன் பொருளைத் தொட்டா இப்படித்தான் மிஸ்" என்று அம்மா சொல்லலாம். "வீட்டில அப்படி இல்லையே" என்றும் சொல்லலாம். இரண்டுமே தேவையான தகவல். ஏடிஎச்டி, அதாவது கவனம் சிதறுவதும் அடங்கி இருக்க முடியாததுமான குறைபாடு, என்று முடிவு செய்ய, அறிகுறிகள் 6 மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று 2 இடங்களிலாவது தெரிய வேண்டும் என்கிறது மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேடு. அதனால் நோயின் பெயரைச் சொல்வது ஆசிரியர் வேலை இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்லலாம், வீட்டில் எப்படி என்று கேட்கலாம்.

அப்புறம், 2 வாரம் கழித்து மறுபடி பேச வேண்டும். முகம் பார்த்துப் பழகிவிட்டதால், அந்தப் பேச்சுக்குப் போனே போதும்.